நெருக்கடி நாட்களில் எதை விட்டுவிடக் கூடாது

(பொறியியல் கல்லூரி ஒன்றில், பருவத் தேர்வுகளுக்கு முன்பு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இன்னும் சில வாரங்களில் எண்ட் செமஸ்டர். இறுதியாண்டு மாணவர்களுக்கு அதோடு பிளேஸ்மென்ட், புராஜெக்ட் ரிவியூ. சிலருக்குப் பழைய அரியரும் சேர்ந்திருக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் மேடையேறி, 'கவலைப்படாதீர்கள், மகிழ்ச்சியாக இருங்கள்' என்று சொன்னால் கோபம்தான் வரும். வருவது நியாயமும்கூட. நான் அதைச் சொல்ல வரவில்லை. மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. அந்த வேலையில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றை உங்கள் முன் வைக்கவே வந்தேன்.

வேலை கூடி நேரம் போதாமல் ஆகும்போது நாம் எதையாவது குறைத்தாக வேண்டும். மாணவர்கள் குறைக்கும் வரிசை ஏறக்குறைய எல்லா விடுதிகளிலும் ஒன்றுதான். முதலில் தூக்கம் போகும். அடுத்துக் காலைச் சாப்பாடு. பிறகு விளையாட்டு, நடை. கடைசியில் மனிதர்கள்: வீட்டுக்குப் போன் பேசுவது குறையும், சாயங்காலம் நண்பர்களோடு டீக்கடைக்குப் போவது நிற்கும், அறைக்கதவு சாத்தியே கிடக்கும். நாலாவது யூனிட்டை விடலாமா கூடாதா என்று அரைமணி நேரம் விவாதிப்பவர்கள், தூக்கத்தை விடலாமா என்று ஒரு நிமிடம்கூட விவாதிப்பதில்லை. அது தானாகப் போய்விடுகிறது. ஆனால் படித்ததை மனத்தில் நிறுத்துவதும், தேர்வு அறையில் கை நடுங்காமல் காப்பதும், தோற்றாலும் எழுந்து நிற்க வைப்பதும் இந்த நான்கும்தான். நெருக்கடியில் இவற்றில் கைவைப்பது விதைநெல்லை எடுத்துச் சமைப்பது போல. அன்றைய பசி தீரும். அடுத்த போகத்துக்கு ஒன்றும் இருக்காது.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறேன். இதில் நம்மிடம் தவறான பெருமை ஒன்று ஊறிப்போயிருக்கிறது. 'நேத்து ஃபுல் நைட் அவுட்டு மச்சி' என்று சொல்லும்போது குரலிலேயே ஒரு கெத்து வந்துவிடுகிறது. விடிய விடிய விளக்கெரியும் அறையைத்தான் படிக்கிற அறை என்று நினைக்கிறோம். பெற்றோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

1924இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். இரண்டு மாணவர்களிடம் பொருளில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சில நாட்கள் மனப்பாடம் செய்தவுடன் தூங்க வைத்தார்கள். சில நாட்கள் பகலில் மனப்பாடம் செய்துவிட்டு வழக்கமான வேலைகளைப் பார்க்கச் சொன்னார்கள். எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டபோது, தூங்கி எழுந்த நாட்களில் அவர்கள் நினைவிலிருந்து சொன்னவை, விழித்திருந்த நாட்களில் சொன்னதைவிடப் பல மடங்கு அதிகம். அதற்குப் பிறகு நூறாண்டுகளாக இந்தத் துறை வளர்ந்திருக்கிறது. பகலில் கற்றதை மூளை தூக்கத்தில்தான் மறுபடி ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துகிறது என்பது இன்று நன்றாகத் தெரிந்த செய்தி. ஆகவே இரவு இரண்டு மணிக்குப் புத்தகத்தை மூடிப் படுக்கிறவர் படிப்பை நிறுத்திவிடவில்லை. படிப்பின் அடுத்த பாதி அவர் படுக்கையில் நடக்கிறது. அந்தப் பாதியை வெட்டிவிட்டு முதல் பாதியை நீட்டுவதில் லாபம் இல்லை.

இன்னொரு செய்தி. 1997இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் தொடர்ந்து விழித்திருப்பவர்களையும் மது குடித்தவர்களையும் ஒரே கண்-கை ஒருங்கிணைப்புச் சோதனைக்கு உட்படுத்தி ஒப்பிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பதினொரு மணியோடு 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் அவர் படிப்பது, வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்காத நிலைக்கு இணையான ஒரு நிலையில். அந்த நேரத்தில் ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தும் ஏறாமல் போனால், 'எனக்கு மூளையே இல்லை' என்று தன்னையே திட்டிக்கொள்கிறார்கள். மூளை இருக்கிறது. அதற்குத் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான்.

டீயும் காபியும் இதற்கு ஈடாகாது. காஃபீன் களைப்பைப் போக்குவதில்லை. களைப்பைத் தெரிவிக்கும் செய்தியைத் தடுத்து வைக்கிறது. நீங்கள் குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பதினொரு மணிக்கு விடுதி வாசலில் ஸ்ட்ராங்காக ஒரு டீ குடித்தால், விடியற்காலை நான்கு மணிக்கும் அதில் பாதி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். படுத்தாலும் ஆழ்ந்த தூக்கம் வராது. பிற்பகலுக்கு மேல் காபி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

'மேடம், இதெல்லாம் சரி. மணி பதினொன்று. நாளைக்குக் காலை பத்து மணிக்குப் பரீட்சை. ஐந்து யூனிட்டில் இரண்டு தொடவே இல்லை. இப்ப என்ன செய்ய?' என்று கேட்பீர்கள். என் பதில் இது. தொடாத யூனிட்டுகளின் 2 மார்க் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பாருங்கள். 13 மார்க் கேள்விகளில் 'அல்லது' இருக்கிறது. ஆனால் ஒரே யூனிட்டுக்குள்தான். அதனால் அந்த யூனிட்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய தலைப்பையாவது, படமும் முக்கியமான சமன்பாடும் மட்டும், காலையில் பார்க்க ஒதுக்கி வையுங்கள். பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்திருங்கள். முழு மதிப்பெண் வராது. ஆனால் ஏற்கெனவே படித்த மூன்று யூனிட்டும் கையில் இருக்கும். விடிய விடிய விழித்தால் அதுவும் கலங்கிப்போகும்.

தூங்கினால் படிக்கும் நேரம் குறையுமே என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் செய்த ஆய்வு இது. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்கள் நினைவில் சுமார் 40 சதவீதம் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் சுமார் 61 சதவீதம். ஹைலைட்டர் தீட்டித் தீட்டி வாசிப்பது படித்துவிட்ட திருப்தியை அன்றே தருகிறது. ஒரு வாரம் கழித்து நிற்பது குறைவு. வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு தடுமாறி எழுதுவது சங்கடமாக இருக்கும். ஆனால் அதே நேரத்தில் அதிகம் நிற்கும். மிச்சமாகும் நேரத்தில் தூங்குங்கள்.

தேர்வு அறையில் 'பிளாங்க்' ஆவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேள்வித்தாளைப் பிரித்தவுடன் எல்லாம் மறந்துபோய், வெளியே வந்து ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கும்போது விடை வரிசையாக ஞாபகம் வரும். எத்தனை பேருக்கு இது நடந்திருக்கிறது? கைதூக்க வேண்டாம், உங்களுக்கே தெரியும். பதற்றத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், சேமித்த நினைவை எடுத்துத்தரும் வேலையைத் தற்காலிகமாகத் தடுக்கிறது. நினைவு அழிந்துபோவதில்லை. அந்த நேரத்தில் முட்டிமோதி அதே கேள்வியோடு நிற்காதீர்கள். பேனாவைக் கீழே வையுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, மெதுவாகச் சில முறை விடுங்கள். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்பைத் தூண்டுகிறது. பிறகு நிச்சயமாகத் தெரிந்த ஒரு 2 மார்க் கேள்வியை எழுதுங்கள். எழுத எழுதக் கதவு திறக்கும்.

சாப்பாடு, நடை பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. காலையில் மெஸ்ஸில் என்ன இருக்கிறதோ அதைச் சாப்பிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. யோகாவோ ஜிம்மோ பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் நடை போதும்.

நான்காவதாகச் சொன்னேனே, மனிதர்கள், அங்கேதான் நிஜமான சிக்கல் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டாமாண்டு. தலைவலி மாத்திரைக்காக அடிக்கடி சுகாதார மையத்துக்குப் போனதால், அங்கிருந்த நர்ஸ் என்னிடம் அனுப்பிவைத்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, 'தலைவலி மட்டும்தான் மேடம், வேற ஒண்ணும் இல்ல' என்றான். எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்றால் மூன்று. எட்டேகாலுக்கு எழுந்து எட்டரைக்கு வகுப்பு. முதல் சாப்பாடு மதியம்தான். கடைசியாக வீட்டுக்கு எப்போது போனாய் என்று கேட்டேன். தீபாவளிக்கு என்றான். நாங்கள் பேசியது பங்குனி மாதத்தில். வீடு பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரம்.

மூன்று பேப்பர் போயிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ரிசல்ட் வந்ததா என்று அவர் கேட்டபோது, 'இன்னும் வரலப்பா' என்று சொல்லிவிட்டான். அந்தப் பதிலைக் காப்பாற்ற அடுத்த பொய். பிறகு அந்தக் கேள்விக்குப் பயந்து போனை எடுப்பதையே குறைத்தான். கூடப் படிப்பவர்கள் வீட்டாரிடம் உளறிவிடுவார்களோ என்று அவர்களிடமிருந்தும் ஒதுங்கினான். இரவெல்லாம் படிப்பதற்காக அவன் விழித்திருக்கவில்லை. தூக்கம் வராமல் போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் வாரம் படிப்பைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. போனை அறையின் மறுமூலையில் சார்ஜில் போட்டுவிட்டுப் பன்னிரண்டரைக்குப் படுப்பது, ஏழரைக்கு எழுந்து மெஸ்ஸுக்குப் போவது, இவ்வளவுதான். தலைவலி குறைந்த பிறகு, வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். மன்னிப்பும் விளக்கமுமாக ஒரு பக்கம் எழுதினான். அதை அடித்து அடித்து மூன்று வரியாக்கினோம். எத்தனை பாடம் போனது, மறுபடி எப்போது எழுதலாம், அதுவரை என்ன செய்யப்போகிறேன்.

என் அறையிலிருந்தே பேசினான். எனக்கு அவன் பக்கம் மட்டும்தான் கேட்டது. 'அப்பா, மூணு பேப்பர் போயிடுச்சு... முன்னாடியே தெரியும்... சொல்லப் பயமா இருந்துச்சு.' நீண்ட மௌனம். பிறகு, 'ஒரு பேப்பருக்கு இவ்வளவு கட்டணும்பா' என்று தொகையைச் சொன்னான். பிறகு, 'இல்லப்பா, முடிச்சுட்டா வேலைக்கு உக்காரலாம்.' அதற்குப் பின் அம்மா வாங்கிப் பேசினார். அவர் அழுததும் திட்டியதும் போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. அந்த அழைப்பு சினிமாவில் வருவதுபோல் முடியவில்லை. ஆனால் வாரக்கடைசியில் அவன் ஊருக்குப் போனான். அந்தப் பருவத்தில் இரண்டு பேப்பரை எடுத்தான். மூன்றாவது இன்னொரு பருவம் இழுத்தது. மூன்று பாடத்தைப் படிப்பதைவிட அவற்றை மறைப்பதற்குத்தான் அவன் அதிகம் உழைத்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கதை தனிப்பட்ட ஒருவனின் கதை மட்டும் இல்லை. உயர்கல்விக்குச் செல்லும் வயதினரில் கல்லூரியில் சேர்ந்தோர் விகிதம், 2021-22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்தியச் சராசரி 28.4. இதில் நாம் பெருமைப்பட எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. உங்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். அரியர் என்றால் என்ன, விடைத்தாள் நகல் வாங்கி ரிவேல்யூவேஷனுக்கு எப்படிப் போடுவது, சி.ஜி.பி.ஏ. ஏழு என்பது நல்லதா மோசமா, எதையும் வீட்டில் கேட்க முடியாது. பன்னிரண்டு ஆண்டு தமிழில் படித்துவிட்டு முதல் நாளே ஆங்கிலத்தில் பொறியியல் இயந்திரவியலைக் கேட்கும் அதிர்ச்சியை வீட்டில் யாருக்கும் விளக்கவும் முடியாது. ஊரே உங்களை 'இன்ஜினியர்' என்று கூப்பிடத் தொடங்கியிருக்கும். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் இன்னொருவனின் ஆஃபர் லெட்டர் வந்து நிற்கும். இந்தச் சுமையைத் தனியாகச் சுமக்கத் தெரியாதது உங்கள் பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. தனியாகச் சுமக்கக் கூடிய சுமை இல்லை அது.

ஆகவே ஒருவரிடமாவது சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாத சூழல் சிலருக்கு உண்டு. அது எனக்குத் தெரியும். அப்படியானால் அத்தையோ சித்தப்பாவோ, அதே அரியரைத் தாண்டி வந்த சீனியர் அண்ணனோ அக்காவோ, நம்பிக்கையான ஓர் ஆசிரியரோ. சொல்லும்போது 'ரொம்பக் கஷ்டமா இருக்கு' என்று பொதுவாகச் சொல்லாமல், 'மூன்று பேப்பர் போச்சு, இரண்டு வாரமாத் தூக்கமில்லை' என்று உள்ளதைச் சொல்லுங்கள். கேட்பவருக்கு உதவி செய்ய ஒரு பிடி கிடைக்கும்.

இவை போதாத நிலையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டு, எழுந்து குளிப்பதே மலைபோலத் தோன்றினால், அல்லது வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வரத் தொடங்கினால், நடைப்பயிற்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள். அது மருத்துவ உதவி வேண்டிய நிலை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் சேவை 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க இயங்குகிறது. கட்டணமில்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா அமைப்பும் இப்படிக் கேட்பதற்கென்றே இருக்கிறது.

உங்கள் அறைத்தோழர் இந்த நிலையில் இருப்பதாகத் தோன்றினால் நேராகவே கேளுங்கள்: 'செத்துப்போகணும்னு தோணுதா?' கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை; கேட்டதே பெரும்பாலும் ஆறுதலாக இருக்கிறது. ஆமாம் என்றால் அறிவுரை சொல்லாதீர்கள், அவரைத் தனியே விடாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். அன்றிரவே வார்டனையோ 14416 என்ற எண்ணையோ அழையுங்கள்.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் பேராசிரியர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும். இதுவரை மாணவர்களுக்குச் சொன்னதை வைத்து, எல்லாமே அவர்கள் பொறுப்பு என்று நாம் நழுவிவிட முடியாது. பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதும் ஏற்பாடு வந்ததே, அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் ஸ்நேகா அமைப்பினரும் உண்டு. எந்த மாணவனுடைய மனவலிமையையும் கூட்டாமல், ஒரு தேதியை மாற்றியே ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சுமையைக் குறைத்த ஏற்பாடு அது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்திருக்கிறது. ஆலோசகரை நியமித்தால் மட்டும் போதாது. அவர் அறையை முதல்வர் அறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளே போகும் பிள்ளையை எல்லோரும் பார்க்கும் இடத்துக்கு எந்தப் பிள்ளையும் வராது. இன்டர்னல் தேர்வும் புராஜெக்ட் ரிவியூவும் ஒரே வாரத்தில் விழாமல் துறைத்தலைவர்கள் உட்கார்ந்து பேசுங்கள். தேர்வு நாட்களில் மெஸ்ஸில் காலைச் சாப்பாடு ஒன்பதரை வரை கிடைக்கட்டும். வகுப்பில் அரியர் பட்டியலைப் பெயர் சொல்லி வாசிக்கும் வழக்கம் எங்காவது இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது.

என் நேரம் முடிந்தது. இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். எழுந்து கேட்கத் தயங்குகிறவர்கள் தாளில் எழுதிக் கொடுக்கலாம். பெயர், துறை, ஆண்டு எதுவும் எழுத வேண்டாம்.